ஏவலாளின் வார்த்தை: குருபரம்பரையிலும் கற்பனை இலக்கியத்திலும்

திண்டுக்கல்லுக்கு வடக்கே, கரூர்ச் சாலையில், குடகனாற்றங்கரையில் உள்ள தாடிக்கொம்பு ஸௌந்தரராஜப் பெருமாள் திருக்கோயில் அதன் மண்டபத் தூண்களில் அமைந்த நாயக்கர் காலச் சிற்பங்களுக்குப் பெயர்பெற்றது. ஸேவிக்க வருவோர் உலகளந்த பெருமாளின் தூக்கிய திருவடியையும் ரதி மன்மதரின் எழிலையும் நெடிது நின்று காண்பர். வைகுண்டநாதனும் அங்கே சேஷன்மேல் எழுந்தருளியிருக்கிறான். அத்தூணின் முன் நிற்பவர் கண்ணுக்கு எம்பெருமானே முதலில் படுகிறான். அவன் வீற்றிருக்கும் இருக்கை உயிருள்ள ஓர் அடியவன் என்பது பிறகே நினைவில் எழுகிறது. நல்ல ஏவலாளுக்கு உலகம் வகுத்த இலக்கணமும் இதுவே: பணி நடக்கவேண்டும்; பணி செய்பவன் கண்ணில் படலாகாது.

ஆளவந்தார் ஸ்தோத்ர ரத்னத்தில் திருவநந்தாழ்வானின் கைங்கர்யத்தை அடுக்கிச் சொல்லும் இடம் ஸம்ப்ரதாயத்தில் பயின்றோர் அறிந்ததே. உறைவிடம், படுக்கை, இருக்கை, பாதுகை, ஆடை, தலையணை, மழையும் வெயிலும் மறைக்கும் குடை என்று அவ்வடுக்கு செல்கிறது. பொய்கையாழ்வாரின் முதல் திருவந்தாதியிலும் இதற்கு மூலமான ஓர் அடுக்கு உண்டு. இவையெல்லாம் ஒரு வீட்டில் இருக்கும் சாமான்களின் பெயர்கள். சேஷன் ஆளாய் நின்று பொருளை எடுத்துக் கொடுக்கவில்லை, பொருளாகவே ஆகிறான். எம்பெருமானிடத்தில் இது கைங்கர்யத்தின் எல்லைநிலம். இதே அடுக்கை மனிதர் வீட்டுக்குள் கொண்டுவந்தால் பொருள் தலைகீழாகிறது. மனிதன் மனிதனுக்குச் சாமானாவது பெருமையன்று, சிறுமை. அப்படியாயின், வீட்டு ஏவலை உவமையாகக் கொண்டு ஆத்மாவின் ஸ்வரூபத்தை விளக்கும் ஒரு மரபு, உண்மையான வீட்டு ஏவலாளைப் பற்றி என்ன சொல்கிறது? பூர்வாசார்யர்களின் சரித்திரத்தில் ஏவலாளாக நின்ற ஆடவர் மூவரையும், பிற்காலக் கற்பனை இலக்கியம் படைத்த ஓர் ஏவலாளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் இதற்கு விடை கிடைக்கும்.

தகாத ஏவல்

அடிமை என்னும் சொல் வ்யாக்யானங்களில் புகழ்ச்சொல். ஆயினும் வ்யாக்யாதாக்கள் வாழ்ந்த காலத்தில் அது உவமையாக மட்டும் வழங்கவில்லை. சோழர் காலக் கல்வெட்டுகள் ஆட்களை விற்றதையும் கோயிலுக்கு அடிமையாகக் கொடுத்ததையும் குறிக்கின்றன. 1201ஆம் ஆண்டில் தஞ்சைப் பகுதியைச் சேர்ந்த திருப்பாம்புரத்தில், பஞ்சத்துக்கு ஆற்றாத வேளாளர் ஒருவர் தம்மையும் தம் மகளிர் இருவரையும் 110 காசுக்குக் கோயிலுக்கு விற்றுக்கொண்டதாக ஒரு கல்வெட்டு கூறுகிறது. நஞ்சீயரும் நம்பிள்ளையும் திருவாய்மொழிக்குப் பொருள் அருளிச்செய்த தலைமுறைகளும் அக்காலத்தை ஒட்டியவையே. காலக்ஷேப கோஷ்டியில் அடிமையின் இனிமையைக் கேட்டவர்கள், வெளியே தெருவில் விற்கப்பட்ட அடிமையையும் கண்டிருப்பர். அடிமைத்தனத்துக்குச் சட்டத்தில் இருந்த இடம் 1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டத்தால்தான் நீங்கியது.

இந்த முரணை எம்பெருமானார் அறியாமல் விடவில்லை. வேதார்த்தஸங்க்ரஹத்தின் முடிவுப் பகுதியில் அவர் எதிர்ப்பக்கத்தை முழு வலிமையுடன் நிறுத்துகிறார். பிறர் வசப்பட்டவை எல்லாம் துன்பமே என்று மனு சொல்கிறார். ஏவல் செய்து பிழைப்பதை நாயின் பிழைப்பு என்றும் இகழ்கிறார். அவ்வாறிருக்க, பரமபுருஷனுக்கு அடிமையாயிருத்தலே புருஷார்த்தம் என்பது எங்ஙனம் பொருந்தும்? எம்பெருமானாரின் விடை இரண்டு கூறாக அமைகிறது. தேகமே ஆத்மா என்று மயங்கியவனுக்கே தன்னுரிமை இன்பமாகத் தோன்றும். ஆத்மாவின் இயல்பை உணர்ந்தவனுக்கு அவ்வியல்புக்கு ஏற்ற அடிமையே இன்பம் என்பது முதற்கூறு. மனு இகழ்ந்தது ஏவல் கொள்ளத் தகாதவர்க்குச் செய்யும் ஏவலையே என்பது இரண்டாம் கூறு.

இவ்விடையில் முதற்கூறு எண்ணற்ற காலக்ஷேபங்களில் விரிக்கப்பட்டுள்ளது. இரண்டாம் கூறு உடைமையாளர்களைப் பற்றி வழங்கும் தீர்ப்பு அந்த அளவுக்குக் கவனம் பெறவில்லை. ஏவல் கொள்ளத் தகுந்தவன் சேஷியாகிய ஒருவனே என்றால், 'என் ஆள்' என்று சொல்லும் கிருஹஸ்தன் தனக்கு உரியதல்லாத ஒரு பெயரைப் பூணுகிறான். ஏவுபவனும் ஏவப்படுபவனும் ஒரே வரிசையில் நிற்கும் சேஷபூதர்கள். ஏவலாளின் உழைப்பைக் கூலிக்குக் கொள்ளலாம். அவனை உடைமையாகக் கொள்ளல் இயலாது. வேதார்த்தஸங்க்ரஹ வாக்யம் அடிமைக்கு ஏற்பட்ட இழிவைத் துடைக்கும் அதே கையால் மனிதத் தலைவனின் உரிமைச் சீட்டையும் கிழித்துவிடுகிறது. குருபரம்பரையில் வரும் ஏவலாளர் மூவரையும் இந்த இரண்டாம் கூறின் வெளிச்சத்தில் படிக்கவேண்டும்.

மடைப்பள்ளியில் இருவர்

முதலாமவர் கிடாம்பி ஆச்சான். உடையவருக்கு இட்ட பிக்ஷையில் நஞ்சு கலந்திருந்தது தெரியவந்தபின் அவர் உபவாஸமிருந்தார். செய்தி கேட்டுத் திருக்கோட்டியூர் நம்பி திருவரங்கத்துக்கு எழுந்தருளினார். உச்சிவெயிலில் காவிரி மணலில் உடையவர் எதிர்சென்று தண்டனிட, நம்பி எழுந்திரு என்று சொல்லாமல் நின்றார். கோஷ்டியில் அனைவரும் பேசாதிருந்தனர். கிடாம்பி ஆச்சான் ஒருவரே பொறாமல் முன்வந்து, இப்படிச் சுடுமணலில் கிடத்துவது என்ன ஆசார்ய சிஷ்ய முறை என்று கேட்டு, உடையவரை எடுத்துத் தம் மேல் சாய்த்துக்கொண்டார். இத்தகைய ஒருவரைக் காணவே இவ்வளவும் செய்ததாக அருளிச்செய்த நம்பி, அன்று முதல் அவரே உடையவருக்குத் தளிகை செய்யவேண்டும் என்று நியமித்தார்.

இந்த வரலாற்றை ஆசார்ய பக்திக்கு எடுத்துக்காட்டாகச் சொல்வது வழக்கம். அது சரியே. ஆனால் தெரிவு நடந்த முறையும் எண்ணத்தக்கது. உயிரை ஒப்படைக்கத்தக்க ஏவலாளைத் தேடியவர், கீழ்ப்படிதலைச் சோதிக்கவில்லை. கோஷ்டி முழுவதும் கீழ்ப்படிந்தே நின்றது. தம்மை எதிர்த்து ஒரு சொல் சொன்னவரையே நம்பி தேர்ந்தார். அந்த மடைப்பள்ளிப் பணி அடுப்போடு நிற்கவுமில்லை. தளிகை செய்தவர் அருகிருந்து கேட்ட ரஹஸ்யார்த்தங்கள் அவர் வம்சத்தில் இறங்கி, கிடாம்பி அப்புள்ளார் வழியாக வேதாந்த தேசிகனை அடைந்தன. ஒரு பெரும் வித்யா பரம்பரை தன்னைச் சமையற்கட்டின் பெயரால், மடைப்பள்ளி ஸம்ப்ரதாயம் என்று வழங்கிக்கொள்வதில் பெருமை கொண்டது.

இரண்டாமவர் வடுக நம்பி. சாளக்கிராமத்தில் உடையவரை அடைந்த இவர் அவருக்குப் பால் காய்ச்சுவது முதலிய பணிவிடைகளைச் செய்துவந்தார். நம்பெருமாள் புறப்பாடு கண்டருளி மடத்து வாசலுக்கு எழுந்தருளியபோது, வந்து ஸேவிக்கும்படி உடையவர் அழைத்தார். உம்முடைய பெருமாளை ஸேவிக்க வந்தால் எம்முடைய பெருமாளுக்குக் காயும் பால் பொங்கிவிடும் என்று அடுப்பருகிலிருந்தபடியே வடுக நம்பி விடை கூறினார். ஏவியவர் சொல்லை அவ்வேவலின் பெயராலேயே மறுக்கும் விடை இது.

இவ்விடையின் சுவை எல்லோர்க்கும் தெரியும். அதற்குக் கிடைத்த மதிப்பை ஸ்ரீவசநபூஷணத்தில் காணலாம். ஆழ்வானையும் ஆண்டானையும் வடுக நம்பி 'இருகரையர்' என்பர் என்று பிள்ளை லோகாசார்யர் அருளிச்செய்கிறார். எம்பெருமான் ஒரு கரை, ஆசார்யன் மறுகரை. இருவரையும் பற்றியவர்கள் அவர்கள் என்பது கருத்து. கூரத்தாழ்வானும் முதலியாண்டானும் யாவர் என்பதை நினைத்தால் இதன் கனம் விளங்கும். உடையவரின் பவித்ரமும் த்ரிதண்டமுமாகப் போற்றப்பட்ட மஹாவித்வான்கள் அவர்கள். அவர்களைப் பற்றிப் பால் காய்ச்சியவர் சொன்ன ஒரு மதிப்புரையைச் சரமபர்வ நிஷ்டைக்குச் சான்றாக ஸூத்ரத்தில் ஏற்றுகிறார் லோகாசார்யர். மணவாள மாமுனிகளும் ஆர்த்தி ப்ரபந்தத்தில் வடுக நம்பியின் நிலையையே தமக்கு வேண்டுகிறார். மற்ற இடங்களில் ஏவலாளின் பேச்சு நகைச்சுவையாக நிற்கும். இங்கு அது ப்ரமாணமாயிற்று.

வெள்ளாட்டி என்னும் பெண்பாற்சொல்

மூன்றாமவர் முதலியாண்டான். இவர் வரலாறு மற்ற இரண்டைவிடச் சிக்கலானது. விமர்சனத்துக்கு மிகுதியாக இடம் தருவதும் இதுவே. பெரிய நம்பியின் திருமகள் அத்துழாய் புக்ககத்தில் இருந்தபோது, இருட்டில் நீராடச் செல்ல அஞ்சி மாமியாரைத் துணைக்கு அழைத்தாள். துணை வேண்டுமானால் உன் சீதன வெள்ளாட்டியை அழைத்துக்கொள் என்று மாமியார் சொன்னாள். அத்துழாய் திருத்தகப்பனாரிடம் முறையிட, அவர் உடையவரிடம் சொல்லும்படி பணித்தார். உடையவர் அருகிலிருந்த முதலியாண்டானைக் காட்டி, உன் சீதன வெள்ளாட்டியை அழைத்துப்போ என்றார். ஆண்டான் அவ்வீட்டில் நீர் சுமந்தும் தளிகை செய்தும் ஏவல் புரிந்தார். அவர் யாரென்று அறிந்தபின் புக்ககத்தார் அஞ்சி நடுங்கி, இனி ஏவல் வேண்டா என்று மன்றாடினர். அனுப்பியவர் அழைக்காமல் வரமாட்டேன் என்றார் ஆண்டான்.

வெள்ளாட்டி என்பது பெண்பாற்சொல். மாமியாரின் குத்தலில் இருந்த அச்சொல்லை உடையவர் மாற்றவில்லை. ஆண்டானுக்கு ஏற்ற ஆண்பாற்பெயர் ஒன்றைத் தேடவுமில்லை. பாஷ்யம் பயின்ற புருஷன் வெள்ளாட்டி என்ற பெயரோடே அவ்வீட்டுக்குள் புகுந்தான். பிறப்பு, கல்வி, செல்வம் ஆகிய மூன்று செருக்குகளும் நீங்குவதற்கு இப்பணி மருந்தாயிற்று என்றும், அதன்பின்னரே உடையவர் சரமச்லோகார்த்தத்தை அவருக்கு அருளினார் என்றும் பெரியோர் கூறுவர். ஆண் என்னும் அபிமானத்தையும் நான்காவதாகச் சேர்த்துச் சொல்வது தகும்.

ஆனால் இதே இடத்தில் ஒரு கேள்வி நிற்கிறது. ஆண்டானுக்கு அடுக்களை மருந்து. நோய் தீர்ந்ததும் மருந்து நின்றது. அவர் மடத்துக்கு மீண்டார். அக்காலத்து வீடுகளில் உண்மையாகவே சீதனமாக வந்த வெள்ளாட்டிக்கு அதே நீர்க்குடமும் அதே அடுப்பும் மருந்தல்ல, வாழ்நாள். அவளுக்கு நீங்கவேண்டிய செருக்கு எதுவும் இல்லை. மீள்வதற்கு மடமும் இல்லை. ஆண்டான் ஒருவர் சில காலம் செய்ததனால் அப்பணி சரித்திரம் ஆயிற்று. அவள் ஆயுள் முழுதும் செய்தது பெயரின்றிப் போயிற்று. கிடாம்பி ஆச்சானும் வடுக நம்பியும் இவ்வகையில் ஆண்டானையே ஒப்பர். மூவரும் கற்றவர், தாமே உகந்து ஏவலை ஏற்றவர். விலக நினைத்தால் விலகக்கூடியவரின் பணிவையும், விலக வழியில்லாதவரின் பணிவையும் ஒரே சொல்லால் புகழும்போது பிந்தியவர்க்கு அநீதி நேர்கிறது.

குருபரம்பரை இவ்வகையில் முற்றும் வாய்மூடி இருந்ததென்றும் சொல்வதற்கில்லை. உறங்காவில்லி தாஸர் சிற்றரசன் ஒருவனிடம் கூலிக்குச் சேவகம் செய்தவர். வித்வத் கோஷ்டியில் பிறந்தவரல்லர். காவிரிக்கு நீராடச் செல்லும்போது ஆண்டானின் கையையும், நீராடித் திரும்பும்போது இந்தச் சேவகரின் கையையும் பற்றிக்கொண்டு உடையவர் எழுந்தருளினார் என்ற வார்த்தை பாதுகாக்கப்பட்டுள்ளது. பாகவதரின் பிறப்பை ஆராய்தல் கொடிய அபசாரம் என்று ஸ்ரீவசநபூஷணம் விதித்ததற்குப் பின்னணியில் இத்தகைய அனுஷ்டானம் இருந்தது. எனினும் தாஸரின் மேன்மை அவர் சேவகத்தை விட்டு அரங்கனின் திருக்கண்களில் ஈடுபட்டதிலேயே தொடங்குகிறது. சேவகத்தில் இருந்தபடியே ஒருவனின் வாழ்வு எப்படியிருந்தது என்பதை அறிய வேறு இலக்கியத்தைத் தேடவேண்டியுள்ளது.

கற்பனை இலக்கியத்தில்

அவ்விலக்கியம் நாவலாக இருக்கும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. பழனி மலைக்குக் கீழே திண்டுக்கல் சமவெளியில் உள்ள வத்தலக்குண்டில் 1872இல் பிறந்த பி. ஆர். ராஜம் ஐயர், கமலாம்பாள் சரித்திரத்தை 1893 முதல் 1895 வரை விவேகசிந்தாமணியில் எழுதினார். தமிழின் முதல் நாவல்களுள் ஒன்றான அது முழுக்க முழுக்க ஒரு வீட்டின் கதை. பெண்களின் வம்புப் பேச்சும் தம்பதியரின் ஊடலும் பங்காளிகளின் மனத்தாங்கலும் அதில் உயிரோடு நிற்கின்றன. வாசகர் நினைவில் தங்கும் பெயர்கள் முத்துஸ்வாமி ஐயர், கமலாம்பாள், பொன்னம்மாள், தமிழாசிரியர் அம்மையப்ப பிள்ளை ஆகியோருடையவை. இரவில் வரும் கள்வன் பேயாண்டித் தேவனுக்கும் மறக்கவொண்ணாத இடமுண்டு. பகலெல்லாம் வீட்டில் உழலும் ஏவலாள் எவனும் அக்கதையின் நடுவுக்கு வரவில்லை. இதை ஆசிரியர் ஒருவரின் குறையென்று கொள்ளவேண்டா. கிருஹஸ்தனின் பார்வையிலிருந்து வீட்டைக் காணும் இலக்கியம் எதிலும் நேர்வதே இது. தாடிக்கொம்புத் தூணின் முன் நிற்பவர் கண்ணுக்கு நேர்வதும் இதுவே.

ஏவலாளை நடுவில் நிறுத்திய ஒரு படைப்பு வேறிடத்திலிருந்து வந்தது. 1917இல் பரலி சு. நெல்லையப்பர் பதிப்பித்த பாரதியாரின் கண்ணன் பாட்டில், கண்ணனைச் சேவகனாகக் கண்டு பாடிய பாட்டு உண்டு. அது வேலைக்காரர்களைப் பற்றிய முறையீட்டோடு தொடங்குகிறது. கூலி மிகுதியாகக் கேட்கின்றனர், கொடுத்ததை மறக்கின்றனர், வேலை மிகுந்த நாளில் வீட்டில் தங்கிவிடுகின்றனர் என்று தலைவன் அடுக்குகிறான். பிறகு எங்கிருந்தோ கண்ணன் வருகிறான். மாடு மேய்ப்பேன், வீடு பெருக்குவேன், குழந்தைகளைப் பார்த்துக்கொள்வேன் என்கிறான். கூலி என்ன என்று கேட்டால் காசு பெரிதன்று, அன்பே போதும் என்கிறான். பின்னர் அவனே தலைவனுக்கு நண்பனும் மந்திரியும் ஆசிரியனும் ஆகிறான்.

இப்பாட்டை எஜமானனின் பகற்கனவு என்று ஒருவர் குறைகூறக்கூடும். கூலி கேளாத ஆள், விடுப்புக் கேளாத ஆள் எந்த எஜமானனுக்குத்தான் கசக்கும்? வைஷ்ணவ மரபில் பயின்றவர் இக்குறையைத் தள்ளிவிடாமல் ஏற்று, அதற்கப்பால் செல்லவேண்டும். முந்தைய வேலைக்காரர் சொன்ன சாக்குகளில் மனைவி வருகிறாள், பாட்டி வருகிறாள், நோயும் சாவும் வருகின்றன. தலைவன் அவற்றைப் பொய் என்கிறான். பொய்யாகவே இருப்பினும் அவை ஓர் உண்மையைக் காட்டுகின்றன: அவ்வாட்களுக்கும் வீடுகள் உண்டு. கண்ணனோ தன்னைத் தனியாள் என்றும் வயது கணக்கற்றது என்றும் சொல்லிக்கொள்கிறான். அவனுக்கு அடுப்பில்லை, பசித்திருக்கும் குழந்தையில்லை, இறந்துபோகும் பாட்டியில்லை. ஆகவேதான் அவனால் கூலியின்றி ஏவல் செய்ய முடிகிறது. கூலியின்மை எம்பெருமானுக்கே உரிய ஸௌலப்யத்தின் அடையாளம். மனித ஏவலாளிடம் எதிர்பார்க்கத்தக்க நற்பண்பு அன்று. தமிழ்நாட்டில் வீட்டுப் பணியாளர்க்கென நல வாரியம் அமைந்தது 2007இல்தான் என்பதை நினைத்தால், இவ்வேறுபாட்டை உணராதிருந்ததன் விலை எத்தனை தலைமுறைகளின் மேல் விழுந்தது என்பது புலப்படும்.

சேஷியே சேஷனாய் நின்று ஏவல் செய்யும் கருத்தும் பாரதியார் புதிதாகக் கண்டதன்று. அர்ஜுனன் தேரை நிறுத்தச் சொன்ன இடத்தில் நிறுத்தியவன் கீதாசார்யன். திருமழிசையாழ்வாரும் கணிகண்ணனும் கச்சியை விட்டுப் புறப்பட்டபோது பைந்நாகப் பாயைச் சுருட்டிக்கொண்டு பின்சென்று, அவர்கள் மீண்டபோது தானும் மீண்டவன் சொன்னவண்ணம் செய்த பெருமாள். அங்கு நடந்ததைக் கவனிக்கவேண்டும். கணிகண்ணன் ஆழ்வாருக்குப் பணிவிடை செய்த சிஷ்யன். அவனை அரசன் ஊரைவிட்டு வெளியேற்றினான். ஏவலாள் ஒருவனுக்கு இழைத்த அநீதிக்காக ஆழ்வார் வெளியேறினார். ஆழ்வாருக்காக எம்பெருமான் வெளியேறினான். ஊர் இருண்டது. அரசன் ஏவலாளிடம் சென்று மன்னிப்பு வேண்டியபின்னரே பாய் மீண்டும் விரிந்தது.

படிக்கவேண்டிய முறை

இவ்வளவையும் சேர்த்துப் பார்த்தால், ஸம்ப்ரதாயம் ஏவலாளைப் பற்றிச் சொல்வது அடக்கத்தின் பாடமன்று என்பது தெளிவாகும். கிடாம்பி ஆச்சான் எதிர்த்துக் கேட்டார். வடுக நம்பி மறுத்துரைத்தார். முதலியாண்டான், வேலை கொண்டவர்கள் போகச்சொல்லியும் போகாமல் நின்றார். மூவரின் சொல்லும் வார்த்தையாகப் பதிந்து, ஸூத்ரத்திலும் வ்யாக்யானத்திலும் ஏறி, இன்றளவும் ஓதப்படுகிறது. ஏவலாள் பேசியதைக் கேட்டு, நினைவில் வைத்து, அவன் பெயரோடு அடுத்த தலைமுறைக்குக் கொடுத்ததே இம்மரபின் சிறப்பு. இந்த வரலாறுகளைத் தம் வீட்டு ஆட்களுக்குப் பணிவு கற்பிக்க எடுத்துச் சொல்லும் கிருஹஸ்தர் அவற்றைத் தலைகீழாகப் படிக்கின்றனர். அவை ஏவுபவர்களை நோக்கிச் சொல்லப்பட்டவை.

இம்மரபுக்குக் குறை உண்டென்றால் அது இக்கொள்கையில் இல்லை. இக்கொள்கையை எல்லா அடுக்களைகளுக்கும் கொண்டுசெல்லாததில் இருக்கிறது. முதலியாண்டானை வெள்ளாட்டி என்று அழைத்த வாய்கள், வெள்ளாட்டியைப் பெயர் சொல்லி அழைக்கவில்லை. திருவீதிப் புறப்பாட்டில் எம்பெருமானைச் சுமப்பவர்க்கு ஸ்ரீபாதம் தாங்குவார் என்று பெயரிட்டு மரியாதை செய்யத் தெரிந்த ஸம்ப்ரதாயத்துக்கு இது இயலாததன்று.

தாடிக்கொம்பில் சிற்பி சேஷனைச் செதுக்கும்போது அவன் ஓர் இருக்கைதானே என்று விட்டுவிடவில்லை. உடற்சுருளையும் விரிந்த படங்களையும் உளியால் வடித்திருக்கிறான். எம்பெருமானை ஸேவித்தவர் கண்ணைச் சற்றே தாழ்த்தினால் அவையும் தெரியும். வீட்டுக்குத் திரும்பியபின் அடுக்களைப் பக்கம் அதே கண்ணைத் திருப்புவது அந்த ஸேவையின் தொடர்ச்சியே ஆகும்.